ஆறு நிறங்கள், எல்லாமே 'அ'

போன செவ்வாய்க்கிழமை காலை, திருச்சியில் பூட்டிய ஓர் இரும்பு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பதினாலு பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள் — பேனாவால் அல்ல, பிரஷ்ஷால்.

உள்ளே என் பிள்ளை இல்லை. சொந்தக்காரர் இல்லை. ஆனாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. கடைசியாக இப்படி வேர்த்தது எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று. அன்றாவது பரீட்சை எழுதியவன் நான்!

யார் பரீட்சைக்கு யார் வேர்ப்பது? இதற்குப் பதில் சொல்ல ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

நான் நிருபர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பெரம்பலூரில் பாதிப் பேருக்கு நான் செய்தி எழுதுகிறவன் அல்ல. இங்கிலீஷ் கடிதம் படித்துச் சொல்கிறவன். தந்தி, கோர்ட் நோட்டீஸ், மருமகனின் டிரான்ஸ்பர் ஆர்டர் — எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் தமிழாகிப் போகும்.

அப்படித்தான் தங்கராசுவும் வந்தார். செந்துறைக்காரர். வயது முப்பத்து நாலு. தொழில் பெயிண்டர் என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை. நகக்கண்களில் மூன்று நிறம் இருந்தது. அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்த முதல் ஆள் இவர்.

கடிதத்தை நீட்டினார். மெட்ராஸ் ஏஜெண்ட் அனுப்பியது.

"முழுசா படிக்க வேணாம் சார். வேலை சரியில்லன்னு எழுதியிருக்கானான்னு மட்டும் சொல்லுங்க."

படித்தேன். "இல்லை தங்கராசு. வேலையைப் பத்தி ஒரு வரி கூட இல்லை. சொன்னது உங்களுக்குப் புரியலைன்னு எழுதியிருக்கு."

"அப்பாடா" என்றார். பிறகு கடிதத்தை எட்டிப் பார்த்தார். "அப்ப... வேலையப் பாக்கவே இல்லியா சார்?"

பார்க்கவில்லைதான். நடந்தது இது. வளைகுடாவில் பெயிண்டர் வேலைக்கு மெட்ராஸில் டெஸ்ட் வைத்திருக்கிறார்கள். அரபு நாட்டிலிருந்து வந்த ஒரு ஃபோர்மேன் ஒரு நிறத்தைச் சொல்வார். அந்த டப்பாவை எடுத்துப் பலகையில் அடிக்க வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கிடையாது — அங்கே வேலை நடக்கிற இடத்திலும் கிடையாது என்பதால். ஃபோர்மேன் "அஸ்ரக்" என்றிருக்கிறார். தங்கராசு நின்றிருக்கிறார். ஃபோர்மேன் இன்னும் பலமாக "அஸ்ரக்!" என்றிருக்கிறார்.

"சத்தமா சொன்னா புரிஞ்சிடுமா சார்? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

மூன்றாவது முறை சொன்னதும், போகட்டும் என்று சிவப்பை எடுத்திருக்கிறார். அஸ்ரக் என்றால் நீலம்.

கடிதத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. மொழி புரியாததால் மட்டும் தவறியவர்கள் திருச்சியில் நடக்கும் டெஸ்டுக்கு ஒரு தடவை வரலாம். ஒரே தடவைதான். அன்றைக்கு முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. தங்கராசுவுக்குப் பங்குனியில் முப்பத்தைந்து. டெஸ்ட், மாசிக் கடைசியில்.

ஆக, இது போனால் போனதுதான்.

"வீட்டில் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"வூட்டுல... 'நீ போகவும் வேணாம், பெயிலாகவும் வேணாம்'ங்குது சார்."

முப்பது வருஷம் தலையங்கம் எழுதியவர்கள்கூட ஒரு நிலைமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை!

சரி, இது என்ன பிரமாதம்? நாலைந்து வார்த்தைகள்தானே என்று நினைத்தேன். பத்திரிகைக்காரன் புத்தி எப்படிப் போகும்? நோட்டுப் புத்தகத்துக்குத்தான் போகும். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க வரும் ஒரு டிரைவர், குவைத்தில் நாலு வருஷம் லாரி ஓட்டியவர். அவரைப் பிடித்து ஆறு நிறங்களுக்கும் பெயர் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டேன்.

சிவப்பு அஹ்மர். பச்சை அக்தர். நீலம் அஸ்ரக். மஞ்சள் அஸ்ஃபர். கறுப்பு அஸ்வத். வெள்ளை அப்யத்.

கவனித்தீர்களா? ஆறுமே 'அ'. ஆறுக்கும் ஒரே நீளம். ஒரே பிரசவத்தில் பிறந்த ஆறு பிள்ளைகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட மாதிரி.

தங்கராசு பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கலருக்கெல்லாம் ஒரு மூஞ்சி இருக்கும் சார். கிளிப்பச்சைன்னா கிளி வந்து நிக்கும். அரக்குன்னா அரக்கு. வாடாமல்லின்னா பூ. இது எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சியா இருக்கே!"

உண்மைதான். பச்சையில் மட்டும் அவருக்கு எட்டு வகை தெரியும். பாசி, இலை, கிளி, வாழைக்குருத்து என்று பிரித்துப் பிரித்துக் கலப்பார். அந்த எட்டுக்கும் சேர்த்து நான் ஒரு 'அக்தர்' கொடுத்திருந்தேன்.

இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டு வந்தார். எனக்குப் பெருமை. "மஞ்சள்?" என்று கேட்டேன்.

உதடு முணுமுணுத்தது. கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே போனது. "அஹ்மர், அக்தர், அஸ்ரக், அஸ்ஃபர்... அஸ்ஃபர்!"

"கறுப்பு?"

மறுபடி முதலிலிருந்து. "அஹ்மர், அக்தர், அஸ்ரக்..."

வாய்ப்பாடு! நாம் எல்லோரும் படித்த விதம் அதுதானே? ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டால், ஓரேழு ஏழிலிருந்து ஓடி வந்தால்தான் ஐம்பத்தாறு கிடைக்கும்.

"நான் எண்ணி முடிக்கற வரைக்கும் அந்த ஃபோர்மேன் நிப்பாரா சார்?"

"நிக்க மாட்டார்."

"அதான் நானும் நெனச்சேன்."

தலைகீழாக எழுதிக் கொடுத்தேன். தலைகீழாக ஒப்பித்தார். கலைத்து எழுதிக் கொடுத்தேன். கலைந்த வரிசையை ஒப்பித்தார். இப்படிப் பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் என் கணக்கில்தான் சேரும்.

காப்பாற்றியவர் மைமூன்.

லப்பைக்குடிக்காட்டு அபூபக்கர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வளைகுடாவில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். மைமூன் அவன் மனைவி. கோடையில் அவன் லீவில் வருவதற்குள் புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடிக்க வேண்டும். வந்த பெயிண்டர் பாதியில் போய்விட்டார், வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று எனக்குத் தகவல் வந்தது. நான் தங்கராசுவை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு மூன்று வாரமாவது கூலி கிடைக்கட்டும் என்ற எண்ணம்தான்.

போன இடத்தில் பேச்சுவாக்கில் டெஸ்ட் விவரத்தைச் சொன்னேன். "அஸ்ரக்தானே? நீலம்" என்றார் மைமூன், தேங்காய் துருவிக்கொண்டே.

"நீங்க அங்கே போயிருக்கீங்களா?"

"நான் திருச்சியைத் தாண்டினதில்ல சார்."

விஷயம் என்னவென்றால், அபூபக்கர் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புகிறான். ஒரு மணி நேர கேசட். குடும்பம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவான். மீதி ஐம்பது நிமிஷமும் கடைதான். 'ஒரு பொம்பள வந்தா மைமூன், அஹ்மர் கேட்டா, எட்டு பீஸ் எடுத்துப் போட்டேன், இந்த அஹ்மர் இல்லன்னுட்டா, அப்புறம் அஸ்வத் கேட்டா, அதுல பதினோரு பீஸ், கடைசில ஒண்ணும் வாங்காமப் போயிட்டா.' இதை வருஷக்கணக்காகச் சமையலறையில் கேட்டுக் கேட்டு, அந்த ஊர் ஜவுளிக்கடையில் உட்கார வைத்தால் வியாபாரம் பண்ணுகிற அளவுக்கு மைமூனுக்கு நிறங்கள் வந்துவிட்டன.

நான் நோட்டைத் திறந்தேன்.

"அத மூடி வைங்க சார். மேஸ்திரிக்கு நோட்டு எதுக்கு? கை இருக்குல்ல" என்றார். பிறகு தங்கராசுவிடம் திரும்பினார். "நாளையிலேர்ந்து நான் தமிழ்ல ஒரு கலரும் சொல்ல மாட்டேன் மேஸ்திரி. அரபிலதான் சொல்வேன். எத எடுக்கறீங்களோ அத அடிங்க. தப்பா எடுத்தா தப்பாவே அடிங்க."

தங்கராசு பதறிப்போனார். "அய்யோ, வேணாங்க பாயம்மா. பாய் வந்து பாத்தா என்ன சொல்வாரு?"

"அவரு அங்கேர்ந்து வர்றதுக்குள்ள நீங்க அங்க போயிருப்பீங்க. பயப்படாம அடிங்க."

மறுநாள், முதல் ஜன்னலுக்கு 'அக்தர்' என்றாராம். விரல் விட்டு எண்ணி, பச்சையை எடுத்திருக்கிறார். சரி. அடுத்து சமையலறை ஜன்னல். 'அஸ்ரக்.' எண்ணுவதற்குள் மைமூன் "ம், சீக்கிரம்" என்றிருக்கிறார். மஞ்சளை எடுத்துவிட்டார் மனுஷன்.

யாரும் தடுக்கவில்லை. ஜன்னல் முழுக்க மஞ்சள் அடித்து முடித்த பிறகு மைமூன் வந்து பார்த்துச் சொன்னாராம்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் பேரு அஸ்ஃபர்."

மாற்றவும் விடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எதிரே அந்த மஞ்சள் ஜன்னல்! நீலம் கேட்ட இடத்தில் மஞ்சளைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பெயிண்டருக்கு என்ன தண்டனை என்று நினைத்துப் பாருங்கள். சட்டையைத் தப்பாக வெட்டிவிட்ட டெய்லர், அதே சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

அதற்குப் பிறகு அஸ்ரக்கும் அஸ்ஃபரும் அவருக்கு ஒரு நாளும் குழம்பவில்லை.

அடுத்த வாரம் செய்திக்குப் போகிற சாக்கில் நான் எட்டிப் பார்த்தேன். தங்கராசு ஏணியில் நின்றுகொண்டிருந்தார். கீழே நாற்காலியில் அபூபக்கரின் அம்மா. மைமூன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "மேஸ்திரி, வாசக் கதவுக்கு அக்தர்!"

"அக்தர் இல்லடி" என்றார் மாமியார். "அக்ளர். 'ள'ன்னு நாக்க அழுத்திச் சொல்லணும்."

"மாமி, அது குர்ஆன் ஓதறதுக்கு. இது பெயிண்டுக்கு!"

ஏணியிலிருந்து தங்கராசு கெஞ்சினார். "ரெண்டுல எதுன்னு பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா. எனக்கு வேற வயசு ஏறிக்கிட்டே இருக்கு."

"நீங்க வாயத் தொறந்து சொல்லவே வேணாம் மேஸ்திரி. காதுல வாங்குனா போதும்" என்றார் மைமூன்.

மாமியார் மட்டும் அந்த வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா மைமூன்... நான் தினம் ஓதறதுல அந்த வார்த்தை வருது. அப்ப அது பச்சையா?"

"ஆமா மாமி. பச்சைதான்."

சின்ன வயதிலிருந்து ஓதுகிறவர். எழுத்துக் கூட்டி, பிழையில்லாமல், அழகாக ஓதத் தெரியும். அர்த்தத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. இப்போது பாதி அடித்த வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்... பச்சை!" என்றார். யாரோ தெரிந்தவரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஆறு நிறமும் தேறிவிட்டது, கொசுறு கொடுக்கிறேன் என்று மைமூன் மேலும் மூன்றைச் சொன்னார். பழுப்புக்குப் புன்னி. சாம்பல் நிறத்துக்கு ரமாதி. ஆரஞ்சுக்குப் புர்துகாலி.

"புன்னின்னா என்னங்க?"

"காப்பிக்கொட்டை இருக்குல்ல, அதோட பேர்லேர்ந்து வந்ததாம். எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. ரமாதி — அடுப்புச் சாம்பல். புர்துகாலி, ஆரஞ்சுப் பழம்தான்."

தங்கராசு ஏணியை விட்டு இறங்கியே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அட! அவங்களும் நம்மள மாதிரிதானா? சாம்பலப் பாத்தா சாம்பல்ங்கறாங்களா? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு! ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அவர் கட்டை விரல் மற்ற விரல்களைத் தேடிப் போவதை நிறுத்திவிட்டது. தெரியாத பாஷை என்றால் நமக்குப் பயம் எதற்கு? அதைப் பேசுகிறவர்கள் வேறு எதையோ பார்த்துப் பேசுகிறார்கள் என்ற பயம்தான். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்து சாம்பல் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

"சார், நீங்க சொல்லுங்க. அஸ்வத்?" — மைமூன் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

நான் சட்டைப் பையில் நோட்டைத் தேடினேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பை இங்கே விவரிக்கப் போவதில்லை.

சரி, திருச்சிக்கு வருவோம்.

செய்தி சேகரிக்கப் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கேட்டுக்குள் போகும்போது தங்கராசு, "நீங்க இங்கதான நிப்பீங்க?" என்றார். எங்கே போவேன்?

உள்ளே வேப்பமரத்தடியில் ஒரு மேஜை. ஆறு கட்டமாகக் கோடு போட்ட பதினாலு ஒட்டுப்பலகைகள் வெயிலில் வரிசையாக நின்றன. லேபிள் கிழித்த டப்பாக்கள். ஃபோர்மேன் உயரமான ஆள், கண்ணாடி, கையில் அட்டையில் செருகிய காகிதம். ஏஜெண்டின் ஆள் ஒருவர், கேரளத்துக்காரர், மேஜையருகே உட்கார்ந்திருந்தார். டெஸ்ட் முடிகிறவரை வாய் திறக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. தங்கராசுவுக்கு மூன்றாவது பலகை. கேட்டிலிருந்து இருபது அடி.

"அஹ்மர்!"

சில கைகள் நகர்ந்தன. சில கண்கள் பக்கத்து ஆளைப் பார்த்தன. தங்கராசுவின் கை நேராகச் சிவப்புக்குப் போயிற்று. நான் நோட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

"அஸ்ஃபர்!" — மஞ்சள்.

"அஸ்வத்!" — கறுப்பு. இதற்குள், பக்கத்துப் பலகையைப் பார்த்து எடுத்த இரண்டு பேரை ஃபோர்மேன் வெளியே அனுப்பிவிட்டார்.

"அஸ்ரக்!"

மெட்ராஸில் கவிழ்த்த வார்த்தை. தங்கராசு நீலத்தை எடுத்தார். அவசரமே இல்லாமல், வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவை எடுக்கிற மாதிரி எடுத்தார்.

பச்சையும் தாண்டியது. பாக்கி ஒன்றுதான்.

"அப்யத்!"

வெள்ளை. இதில் என்ன இருக்கிறது? நான் நோட்டை மடித்துப் பையில் வைத்தேன். தங்கராசு வெள்ளை டப்பாவிலிருந்து கலவைப் பாத்திரத்தில் ஊற்றினார். அப்புறம்... நீல டப்பாவில் குச்சியை முக்கி எடுத்து, அதன் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டை வெள்ளையில் விட்டார்.

ஃபோர்மேனும் பார்த்துவிட்டார்.

"லா! லா! அப்யத்! அப்யத்!" — இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார்.

நம் பக்கத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்பைக் கரைத்தால் அதில் துளி நீலம் போடாமல் யார் அடிக்கிறார்கள்? வேட்டியைக்கூட நீலம் போட்டுத்தானே வெளுக்கிறோம்? வெள்ளை மட்டும் போட்டால் வெள்ளை வராது என்பது செந்துறையில் செய்தியே அல்ல. தங்கராசுவின் கைக்கு வெள்ளை என்றாலே அந்தச் சொட்டோடு சேர்ந்ததுதான்.

ஆனால் ஃபோர்மேனுக்கு அது எப்படித் தெரியும்? அவர் பார்த்தது இவ்வளவுதான்: வெள்ளை கேட்டேன், இவன் நீலத்தைத் தொட்டான். மெட்ராஸ் கதை மறுபடியும். பேனா காகிதத்துக்குப் போய்விட்டது.

கேரளத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. உத்தரவை மறந்து எழுந்துவிட்டார். "எந்தா அண்ணா இது! வெள்ளை அல்லே கேட்டது? நீலம் எதுக்கு எடுத்து? எல்லாம் போயி!"

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியிலிருந்து கத்தினால் என்ன ஆகும்? காப்பியடிக்கிறான் என்று மூன்றாவது ஆளாகத் தங்கராசுவை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

தங்கராசு ஃபோர்மேனைப் பார்த்தார். பாத்திரத்தைக் காட்டி, "அப்யத்" என்றார். ஃபோர்மேன் இல்லை என்று தலையாட்டினார். விளக்கிச் சொல்ல இவரிடம் என்ன இருக்கிறது? மொத்தமே ஒன்பது வார்த்தை. ஒன்பதும் நிறம்.

பேசுவதை விட்டுவிட்டார். பலகையின் கடைசிக் கட்டத்தில், இடது பாதியில் அந்தச் சொட்டு விட்ட வெள்ளையை அடித்தார். வேறு பிரஷ்ஷை எடுத்து, டப்பாவிலிருந்து தனி வெள்ளையை வலது பாதியில் அடித்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

ஈரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஃபோர்மேன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார்.

மாசி வெயில். திருச்சி வெயில். பத்து நிமிஷத்துக்குள் காய்ந்துவிட்டது. கடைசிப் பலகை வரை போய்த் திரும்பிய ஃபோர்மேன் மூன்றாவது பலகைக்கு முன்னால் நின்றார்.

இருபது அடி தூரத்திலிருந்து எனக்கே தெரிந்தது. இடது பாதி வெள்ளை. வலது பாதி, தனியாகப் பார்த்தால் வெள்ளைதான்; பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மோர்.

ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வேப்பமரத்தடிக்குப் போய் அங்கிருந்து பார்த்தார். மற்ற பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் மோர். திரும்பி வந்து, வாய் திறக்கக் கூடாதென்று சொல்லியிருந்த கேரளத்துக்காரரை விரலால் கூப்பிட்டு ஏதோ கேட்டார்.

"எத்தன சொட்டுன்னு கேக்குது அண்ணா."

"ஒண்ணுதாங்க. இந்தப் பாத்திரத்துக்கு ஒண்ணு. ரெண்டு விட்டா நீலம் தெரிஞ்சு போயிடும்."

மொழிபெயர்ப்பு வருவதற்குள் ஃபோர்மேன் ஒரு விரலை நிமிர்த்தினார். "வாஹித்?"

மைமூன் நிறங்களைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். எண்களைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் விரல் புரிந்தது. தங்கராசுவும் ஒரு விரலை நிமிர்த்தினார். ஃபோர்மேன் காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு, எதையோ எழுதினார்.

எதை அடித்தார், எதை எழுதினார் என்று தெரிந்துகொள்ள மூன்று மணி வரை காத்திருந்தோம். எட்டு நம்பர் படித்தார்கள். ஏழு படிக்கிற வரை மூன்றாம் நம்பர் வரவில்லை. எட்டாவதாக வந்தது.

நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தங்கராசு குதிக்கவில்லை, சிரிக்கவில்லை. "மூணுதானே சார் சொன்னாங்க?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

பஸ்ஸில் கேட்டேன். "அந்த நேரத்தில் எதுக்கய்யா நீலத்தைத் தொட்டீங்க? கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாதா?"

"நான் எங்க சார் தொட்டேன்? கை போயிடுச்சு. அவரு கத்துன பின்னாடிதான் நான் என்ன பண்ணேன்னு நானே பாத்தேன்."

"சரி, கத்தினாரில்லே? அதைக் கீழே வெச்சிட்டு வேற வெள்ளை எடுத்து அடிச்சிருக்கலாமே? அவர் கேட்டது அதுதானே?"

ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடிச்சிருக்கலாம் சார். ஆனா அது வெள்ளை இல்லியே."

ஒரு மாதம் பாடுபட்டு அவருக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது அரபிக்காரர்களின் ஆறு வார்த்தைகள். அவர் அரபிக்காரருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நிறம். எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிஷம். அதில் ஒன்பது நிமிஷம் காய்வதற்கு.

மறுநாள் மைமூனுக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தங்கராசு ஆபீஸுக்கு வந்தார். மெடிக்கல், விசா என்று இன்னும் படிகள் இருக்கின்றன. எல்லாம் சரியாக நடந்தால் ஆனி மாதம் விமானம்.

"வீட்டில் என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பாஸாயிட்டேன்னேன் சார். 'அப்பாடா'ன்னுச்சு. சோறு போட்டுச்சு. அப்புறம் 'எப்போ?'ன்னு கேட்டுச்சு. 'ஆனி'ன்னேன்."

"அதுக்கு?"

"'ஊரு பூரா வெள்ளையடிச்சே. போறதுக்குள்ள நம்ம வூட்டுக்கும் ஒரு தடவ அடிச்சிட்டுப் போ'ன்னுச்சு சார்."

அவர் போன பிறகு நிமிர்ந்து என் ஆபீஸ் சுவரைப் பார்த்தேன். வெள்ளை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நோட்டைப் பார்க்காமலே சொல்கிறேன்: அஸ்ஃபர். வெள்ளையடிக்கத் தங்கராசுவைக் கூப்பிடலாம்தான்... ஆனால் எனக்கு முன்னால் அவர் வீட்டம்மா கல்யாணமான நாளிலிருந்து வரிசையில் நிற்கிறார்!